பட்டினியை வாசிப்பவர்கள்: எல்லன் வெஸ்ட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பசியைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். பஞ்சம், கூலி, கஞ்சித்தொட்டி, சத்துணவு வரிசை என்று சோறு கிடைக்காத வயிற்றின் கதைகளுக்கு நவீனத் தமிழ் இலக்கியத்தில் குறைவில்லை. ஆனால் சோறு முன்னால் இருக்கிறது, பசியும் இருக்கிறது, கை மட்டும் தட்டுக்குப் போக மறுக்கிறது என்கிற ஒரு நிலையைச் சொல்ல நம்மிடம் சரியான சொல்கூடக் கிடையாது. 'உண்ணுதல் கோளாறு' என்றால் அஜீரணம் மாதிரி இருக்கிறது. 'உணவு ஒழுங்கின்மை' என்றால் ஏதோ நேரத்துக்குச் சாப்பிடாத பிள்ளையைக் கண்டிப்பதுபோல ஒலிக்கிறது. 'பசியின்மை நோய்' என்பது தகவலாகவே தப்பு. பசி இல்லாமல் போவதல்ல இந்த நோய். பெரும்பாலும் பசி இருக்கிறது, ஆளை விழுங்குகிற அளவுக்கு இருக்கிறது. இந்தத் தப்பு நம் மொழிபெயர்ப்பாளர்கள் செய்ததுமல்ல. 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் சூட்டிய 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்ற பெயரிலேயே அது இருக்கிறது. கிரேக்க வேரில் அதன் பொருள் பசியின்மைதான்.

இக்கட்டுரையில் உண்ணல்நோய் என்றே எழுதுகிறேன். தன்னைப் பட்டினி போடுவது (அனோரெக்ஸியா), கட்டுக்கடங்காமல் தின்றுவிட்டு அதை எப்படியாவது வெளியேற்ற முனைவது (புலிமியா, 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் பெயரிட்டது), வெளியேற்றாமல் அடங்காது தின்பதும் பிறகு குற்றவுணர்வில் வேகுவதும் என்று இதற்குப் பல முகங்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் முதலாவதைப் பற்றி.

இது டாக்டர்கள் சமாச்சாரம், விமர்சகனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்த நோயின் மிகப் பிரபலமான நோயாளி ஒரு பிரதியாக வாசிக்கப்பட்டவள். வாசித்தவர் ஒரு மருத்துவர். கையில் எடுத்துக்கொண்ட கருவிகள் தத்துவமும் இலக்கிய விமர்சனமும். நாம் இன்றைக்கு 'உடலை வாசித்தல்' என்று சொல்லிக்கொண்டு செய்கிற காரியத்துக்கு அது ஒரு முன்னோடி. அதன் விளைவு என்ன என்று பார்ப்பது நமக்குத்தான் அவசியம்.

2

எல்லன் வெஸ்ட் என்பது புனைபெயர். வசதியான யூதக் குடும்பத்துப் பெண். பத்து வயதில் ஐரோப்பாவுக்கு வந்தவள். டைரி எழுதினாள், கவிதை எழுதினாள், குழந்தைகளுக்கு வாசிப்பறைகள் அமைத்தாள். ரஷ்யப் புரட்சிகர மாணவர்கள்போல ஏழைகளுக்கு நடுவே போய் வாழ வேண்டும், பெரிய காரியம் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தாள். காதலித்த ஒருவரோடு நிச்சயம் ஆனது. அப்பா விரும்பவில்லை, முறிந்தது. படிக்க ஆசைப்பட்டாள், அதுவும் பாதியில் நின்றது. கடைசியில் உறவுக்காரர் ஒருவரையே மணந்தாள். இருபது வயதையொட்டி ஒரு பயணத்தின்போது நன்றாகச் சாப்பிட்டு உடம்பு வைத்தது, தோழிகள் கிண்டல் செய்தார்கள். அதிலிருந்து, பருத்துவிடுவோமோ என்ற பயம் அவளை விடவில்லை. இரண்டு உளப்பகுப்பாய்வாளர்களிடம் போனாள். பயன் இல்லை.

1921 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கன் நகரில் பின்ஸ்வாங்கர் குடும்பம் நடத்திவந்த பெல்வ்யூ மனநல விடுதியில் சேர்க்கப்பட்டாள். லுத்விக் பின்ஸ்வாங்கர் அதன் தலைமை மருத்துவர். ஏறத்தாழ இரண்டரை மாதம் அங்கே இருந்தாள். தற்கொலை எண்ணம் வலுத்தது. அடைத்து வைக்கும் பிரிவுக்கு மாற்றுவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் காலத்தின் பெரிய பெயரான ப்ளாய்லர் வரவழைக்கப்பட்டார். ஸ்கிஸோஃப்ரினியா, குணப்படுத்த வழியில்லை என்று முடிவாயிற்று. மார்ச் மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் அவள் பல வருடங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள், நடக்கப் போனாள், கவிதை படித்தாள், கடிதம் எழுதினாள். அன்றிரவு தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வயது 33.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, 1944-45இல், பின்ஸ்வாங்கர் இந்த வழக்கை ஒரு நீண்ட ஆய்வாக வெளியிட்டார். ஹைடெக்கரின் தத்துவத்தை மனநல மருத்துவத்துக்குக் கொண்டுவந்த அடிப்படைப் பிரதிகளில் ஒன்று அது. 1958இல் ஆங்கிலத்துக்கும் வந்தது. அவளுடைய டைரிகளும் கவிதைகளும்தான் அங்கே ஆதாரம். காற்றில் பறக்கும் உலகம் ஒன்று, சேறும் புதைகுழியுமான உலகம் ஒன்று; இரண்டுக்கும் நடுவே அவளுடைய இருப்பு கிழிபடுகிறது. பருத்தல் என்பது புதைகுழியின் பக்கம், மெலிதல் என்பது வானத்தின் பக்கம். இப்படிப் படிமங்களை அடுக்கி, எதிர்வுகளைக் கண்டுபிடித்து, நுட்பமாக, அழகாகத்தான் வாசிக்கிறார். எந்த இலக்கிய மாணவரும் பொறாமைப்படுகிற வாசிப்பு. கடைசியில் அவர் வந்து சேர்கிற இடம்தான் பயங்கரமானது. சாவைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவள் முதன்முறையாகத் தானாக ஆனாள், அவளுடைய இருப்பு அங்கேதான் நிறைவு கொண்டது என்று முடிக்கிறார்.

வீட்டுக்கு அனுப்பி வைத்த மருத்துவரே எழுதுகிற வரி இது என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நமக்கு மிகவும் வேண்டிய ஃபூக்கோவும் இந்தக் கதையில் வருகிறார். பின்ஸ்வாங்கரின் கனவு பற்றிய கட்டுரையின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு 1954இல் இளம் ஃபூக்கோ எழுதிய முன்னுரை, மூலக் கட்டுரையைவிட நீளமானது. அதில் எல்லன் வெஸ்ட், மேலே எழும் வானத்துக்கும் கீழே இழுக்கும் சேற்றுக்கும் இடையிலான படிமமாகவே தோன்றுகிறாள். பிற்காலத்தில் மருத்துவப் பார்வையின் அதிகாரத்தை அத்தனை கூர்மையாகத் தோலுரித்தவர், இந்த இடத்தில் அதே பார்வையின் தோளில் ஏறி நின்றுதான் பார்க்கிறார். அவளை அனுப்பி வைத்த நிறுவனம் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை.

1961இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இதே வழக்கை எடுத்துக்கொண்டு வேறு விதமாகக் கோபப்பட்டார். அவருடைய குற்றச்சாட்டு எளிமையானது. அப்பா, ஆய்வாளர்கள், மருத்துவர்கள் என்று வரிசையாக எல்லோரும் அவளை ஒரு பொருளாகவே கையாண்டார்கள், அவளுக்கு நடப்பதை அவளே உணர்ந்து நம்புவதற்கு ஒருவரும் துணை நிற்கவில்லை என்றார். எனக்கு ரோஜர்ஸின் தன்னம்பிக்கைப் பாணி உளவியலில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் இந்த இடத்தில் அந்த ஆள் சொல்வது சரி.

3

ரோஜர்ஸும் தொடாத ஒரு பக்கம் உண்டு. பின்ஸ்வாங்கர் தன் ஆய்வை வெளியிட்ட அதே 1944-45இல், கடலுக்கு அந்தப் பக்கம், மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் அடியிலிருந்த அறைகளில் ஒரு பரிசோதனை நடந்தது. ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் நடத்தியது. போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்று அறிவதற்காக 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். எல்லோரும் மனசாட்சியின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நம் பாஷையில் சொன்னால் தோழர்கள்.

24 வாரம். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி என்று போர்க்கால ஐரோப்பியச் சாப்பாடு, அதுவும் பாதி வயிற்றுக்கு. இந்தப் பையன்களுக்கு என்ன ஆனது? சமையல் புத்தகம் சேகரிக்க ஆரம்பித்தார்கள். சமையல் குறிப்புகளை மணிக்கணக்காகப் படித்தார்கள். கனவிலும் சாப்பாடு. தட்டை யாருக்கும் காட்டாமல் மறைத்து, கொஞ்சமாக இருந்ததைப் பிசைந்து, கலந்து, நேரத்தை நீட்டித் தின்றார்கள். குளிர் தாங்கவில்லை. சிரிப்பு போனது, நட்பு போனது, காமம் போனது, உலகத்தைத் திருத்தும் அக்கறையும் போனது. எரிச்சலும் சோர்வும் மிஞ்சின. ஒருவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார். திரும்பவும் உணவு கொடுத்த பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் வயிறு நிறைந்தது எது என்றே தெரியவில்லை. 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக இது வெளிவந்தது.

இப்போது எல்லன் வெஸ்ட்டின் டைரிக்குத் திரும்பலாம். சாப்பாட்டு நினைப்பு ஒரு கணமும் தன்னை விடுவதில்லை என்று எழுதுகிறாள். தான் தின்னாத இனிப்புகளின் செய்முறைகளை நோட்டில் எழுதி எழுதி வைக்கிறாள். மற்றவர்கள் நிறையச் சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்துகிறாள். மனிதர்களோடு உறவு அறுந்துகொண்டே வருகிறது. பின்ஸ்வாங்கர் இதையெல்லாம் அவளுடைய இருத்தலின் தனிப்பெரும் வடிவம் என்று வாசித்தார். இதில் கணிசமான பகுதி எந்த மனிதனையும் பட்டினி போட்டால் வருவதுதான் என்பதை அந்த 36 பேர் காட்டிவிட்டார்கள்.

இதனால் எல்லாமே வெறும் உடலியல் என்று ஆகிவிடாது. மினசோட்டா இளைஞர்களுக்கு வெளியிலிருந்து உணவைக் குறைத்தார்கள். திரும்பக் கொடுத்தபோது ஆசையோடு வாங்கிச் சாப்பிட்டார்கள். உண்ணல்நோய் வந்தவரால் தட்டு முன்னால் இருந்தும் முடிவதில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. 2019இல் வெளியான, ஏறத்தாழ 17,000 நோயாளிகளை உட்கொண்ட மரபணு ஆய்வு, அனோரெக்ஸியாவுக்கு மனநலப் பக்கம் மட்டுமன்றி வளர்சிதைமாற்றம் சார்ந்த பக்கமும் இருக்கலாம் என்று காட்டியது. அப்பா, கல்யாணம், மறுக்கப்பட்ட படிப்பு, உடம்பைப் பற்றிய கேலி இவற்றுக்கும் இடம் உண்டு. நான் சொல்ல வருவது வரிசையைப் பற்றி. பட்டினி கிடக்கும் மூளையிலிருந்து வரும் சொற்களை அந்த ஆளின் ஆழ்மன உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் சோறு. மூளைக்குச் சத்து போன பிறகுதான் அவள் என்ன சொல்கிறாள் என்பதையே நாம் கேட்க முடியும்.

4

நம் வட்டாரத்தில் பின்ஸ்வாங்கரைப் படித்தவர்கள் சொற்பம். ஆனால் அதே வாசிப்பு வேறொரு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அதன் பெயர் எதிர்ப்பு.

சூசி ஆர்பாக் 1986இல் எழுதிய நூலின் பெயரே 'உண்ணாவிரதப் போராட்டம்' என்று பொருள்படும். அனோரெக்ஸியாவை வாக்குரிமை கேட்டுச் சிறையில் உண்ணாதிருந்த பிரிட்டிஷ் பெண்களோடு அவர் ஒப்பிட்டார். ஆர்பாக் சிகிச்சையாளர், நோயாளிகளோடு வருடக்கணக்கில் உட்கார்ந்தவர், அவருக்கு அது கேட்பதற்கான ஒரு வழி. சூசன் போர்டோ 1993இல் எழுதியபோது இன்னும் எச்சரிக்கையாக இருந்தார். இந்த எதிர்ப்பு கடைசியில் எதிர்க்கிற அதிகாரத்துக்கே சேவகம் செய்கிறது, பெண்ணை மேலும் சிறியவளாக்குகிறது என்று காட்டினார். நாம் இந்த எச்சரிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு உருவகத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உண்ணாவிரதம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1952இல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு, 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார், 1987இல் நல்லூரில் திலீபன். அவரவர் அரசியல் பற்றி நமக்குள் ஆயிரம் சண்டை இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டினிகளுக்கு ஒரு கோரிக்கை இருந்தது. கோரிக்கை யாரை நோக்கி என்பது தெரிந்திருந்தது. சுற்றி ஆட்கள் இருந்தார்கள். கோரிக்கை நிறைவேறினால் பழச்சாறு குடித்து முடித்துக்கொள்ளலாம் என்கிற கதவு திறந்தே இருந்தது. உண்ணல்நோய்க்கு இதில் ஒன்றும் இல்லை. எதைக் கொடுத்தால் அது முடியும் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாமல் மறைத்துச் செய்கிற காரியம் அது. போராட்டம் என்று நாம் பெயர் வைத்துவிட்டால் அதை முடித்து வைக்கும் பொறுப்பிலிருந்து நாம் விடுபட்டுவிடுகிறோம். கைதட்டிவிட்டுப் போய்விடலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாசகர் கூட்டம். ஹான் காங்கின் 'மரக்கறி' நாவல் பற்றிப் பேச்சு. கொரிய மொழியில் 2007இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. யோங்-ஹே என்ற பெண் கறி தின்பதை நிறுத்துகிறாள், பிறகு உணவையே நிறுத்துகிறாள், தான் மரமாகிக்கொண்டிருப்பதாக நம்புகிறாள். பேசிய தோழர் ஒருவர், இது ஆணாதிக்கக் குடும்பத்துக்குப் பெண்ணுடல் கொடுக்கும் உச்சபட்ச மறுப்பு, உடலின் அரசியல் பிரகடனம் என்றெல்லாம் முழங்கினார். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். "தோழர், எங்க வீட்ல என் தங்கச்சி ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கா. எந்திரிச்சி நின்னா கண்ணு இருட்டுது. அவ எதையும் மறுக்கல. தின்னணும்னு அழுவுறா, முடியல. நீங்க பிரகடனம்ங்கிறீங்க. நான் இப்ப போயி அவளுக்கு என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றார். கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. தலைமை தாங்கியவர் நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் கேட்டது நாவலுக்கு வெளியே இருக்கிற கேள்வி என்று சிலர் பிறகு டீக்கடையில் சொன்னார்கள். இல்லை. அது நாவலுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதி முழுக்க அக்கா இன்-ஹேயின் பகுதி. கடை நடத்தி, பிள்ளையை வளர்த்து, ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டி, தங்கைக்குப் பிடித்ததைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போகிறவள் அவள். தங்கைக்குப் பலவந்தமாகக் குழாய் திணிப்பதைப் பார்த்துக் கதறுகிறவளும் அவள்தான். தங்கை போன வழியின் ஈர்ப்பு அவளுக்கும் புரிகிறது. ஆனாலும் அவள் சாப்பாட்டை விடவில்லை, தங்கையையும் விடவில்லை. நம் விமர்சனங்களில் யோங்-ஹே மேற்கோளாகிறாள். இன்-ஹேயை யாரும் கண்டுகொள்வதில்லை. நாவலைச் சரியாக வாசித்திருந்தால் பின்வரிசைப் பெண்ணுக்குச் சொல்ல நம்மிடம் ஏதாவது இருந்திருக்கும்.

5

இன்னொரு வாசிப்பும் உண்டு. இது மேல்நாட்டு வியாதி, ஃபேஷன் பத்திரிகையும் சினிமாவும் பார்த்துக் கெட்டுப்போன பணக்கார வீட்டுப் பெண்களின் வியாதி, நம்மூரில் ஏது என்பது. முற்போக்காளர்களிடம் இது ரொம்பச் செல்லுபடியாகிற வாதம்.

1993இல் ஹாங்காங் மனநல மருத்துவர் சிங் லீயும் அவருடைய சகாக்களும் 70 சீன நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் 41 பேருக்குப் பருத்துவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் சொன்னார்கள். 1995இல் தில்லி மருத்துவர்கள் ஐந்து இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். உண்ண மறுப்பு, தொடர் வாந்தி, கடும் மெலிவு, மாதவிலக்கு நிற்றல் எல்லாம் இருந்தன. தன் உடம்பு பருமன் என்ற தவறான தோற்றம் மட்டும் இல்லை. அன்றைய மேற்கத்திய அளவுகோலில் அந்தப் பயம் இல்லாவிட்டால் நோய் இல்லை. ஆக, கண்ணாடி முன் நின்று அழுகிற ஒல்லிப் பெண் என்கிற படிமத்தை வைத்துக்கொண்டு தேடினால் நம் வீட்டில் கிடக்கிறவள் அகப்பட மாட்டாள். அவள் கேஸ் டிரபிள் என்று மருந்துக்கடையில் நிற்பாள், அல்சர் என்று எண்டோஸ்கோப்பிக்குப் போவாள், 'ஏதோ பட்டிருக்கு' என்று மந்திரிக்கப் போவாள், விரதம் என்று சொல்லிக்கொள்வாள். விரதத்தை நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

பெண்களுக்கு மட்டும் வருவதுமல்ல. 1689இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய இரண்டு ஆரம்பகால நோயாளிகளில் ஒருவன் பதினாறு வயதுப் பையன். மெலிந்தவர்களுக்கு மட்டும் வருவதுமல்ல. புலிமியா உள்ளவர் சாதாரண உடம்போடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்க மனநலச் சங்கத்தின் 2013 கையேடு மாதவிலக்கு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது, அடங்காமல் தின்னும் நோயைத் தனியாகச் சேர்த்தது. அளவுகோல்களே மாறிக்கொண்டிருக்கின்றன. நம் மனதில் இருக்கிற படம்தான் மாறவில்லை.

6

குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பம் என்ற நிறுவனத்தை நாம் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றவர்கள். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இந்த நோய் விஷயத்தில் மருத்துவமும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்படித்தான் பார்த்தது. பெயர் வைத்த வில்லியம் கல்லே, பார்த்துக்கொள்வதற்கு உறவினர்கள் லாயக்கற்றவர்கள் என்று எழுதினார். 1978இல் சால்வதோர் மினுச்சினும் சகாக்களும், இந்த நோயை வளர்க்கிற குடும்ப அமைப்பு என்று ஒன்றை வரைந்து காட்டினார்கள். அம்மாக்கள் மேல் பழி விழுந்தது.

1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ரஸ்ஸல், டேர், ஐஸ்லர் முதலானோர் இதைத் திருப்பிப் போட்டார்கள். யார் காரணம் என்று தேடுவதைத் தள்ளி வைத்தார்கள். பெற்றோரையே கூட உட்கார வைத்து, ஒவ்வொரு வேளையும் பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பை முதலில் அவர்களிடம் கொடுத்தார்கள். உடல் தேறத் தேற அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடமே திருப்பினார்கள். நோய் வந்து நீண்ட நாள் ஆகாத, வளரிளம் பருவத்தினரிடம் இது நல்ல பலன் தந்ததை 1987இலேயே வெளியிட்டார்கள். இன்று அந்த வயதினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்த முறைதான். குடும்பம் வன்முறையின் இடமாக இருக்கிற வீடுகளுக்கு இது பொருந்தாது. அப்படிப்பட்ட இடத்தில் அந்த நாற்காலியில் வேறு யாராவது, ஒரு சித்தி, ஒரு தோழி, ஒரு தோழர் உட்கார வேண்டியிருக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பதும் துணையாக இருப்பதும் வேறுவேறு வேலைகள் என்பதுதான் மாட்ஸ்லி அனுபவம் நமக்குச் சொல்வது. விமர்சகனுக்கு முதலாவது பழக்கம். இரண்டாவது பழக வேண்டும்.

7

பின்வரிசையில் எழுந்த பெண்ணின் கேள்விக்கு, என் வாசிப்பிலிருந்தும் கூட இருந்து பார்த்தவர்களின் அனுபவத்திலிருந்தும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பொது மருத்துவரிடம் போக வேண்டும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் உப்புச்சத்து எல்லாம் பார்க்க வேண்டும். மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி என்றால் அன்றைக்கே. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வீட்டில் திடீரென்று அள்ளிக் கொடுப்பது இதயத்துக்கே ஆபத்து. போர்க்கைதிகள் விடுதலையானபோது உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது. எவ்வளவு, எப்படி என்பது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். பிறகு மனநல மருத்துவர். இந்தியாவில் 2022 முதல் டெலி மானஸ் என்கிற இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

உடம்பைப் பற்றிய பேச்சை வீட்டில் நிறுத்த வேண்டும். நம் ஊரில் குசலம் விசாரிப்பதே "என்ன இப்படி எளைச்சிட்டே", "நல்லா சதை போட்டுட்டியே" என்றுதான். முதலாவது அவளுக்குப் பாராட்டாகக் கேட்கும். தேறி வருகிற சமயத்தில் இரண்டாவதைச் சொன்னால் மறுவேளை தட்டு திரும்பி வரும். அவளுடைய உடம்பைச் சொல்லாமல் உங்களுடைய கவலையைச் சொல்லலாம். "நீ எங்ககூட உக்காந்து சாப்பிடுறதில்ல, எனக்குப் பயமா இருக்கு." அவ்வளவு போதும். முதல் தடவை கோபப்படுவாள். மறுநாள் திரும்பச் சொல்லலாம். திட்டுவது, கெஞ்சுவது, "ஊர்ல எத்தன பேர் சோத்துக்கு இல்லாம கெடக்கான்" என்று நியாயம் பேசுவது, இவை ஒன்றும் உதவாது. பஞ்சத்தின் பெயரால் வெட்கப்படுத்தினால் அந்த வெட்கத்தையும் அவள் தன் உடம்பின் மேல்தான் தீர்த்துக்கொள்வாள்.

சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. தட்டைக் கண்காணிக்காமல் வேறு ஏதாவது பேசிக்கொண்டு, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கூடவே இருப்பது. செத்துப்போகலாம் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அனோரெக்ஸியாவில் இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார் என்று 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள். மனநோய்களில் மிக அதிகமாக உயிர் குடிப்பவற்றில் இது ஒன்று.

அதே சமயம், ப்ளாய்லரும் பின்ஸ்வாங்கரும் 1921இல் முடிவு கட்டியதுபோல இது தீராத நோயுமல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் பெண்களை நீண்டகாலம் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், அனோரெக்ஸியா வந்தவர்களில் ஒன்பது வருடத்தில் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இருபத்திரண்டு வருடத்தில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டாகியிருந்தது. பத்து வருடம் ஆகியும் தேறாதவர்கள் பிறகு தேறியிருக்கிறார்கள். எல்லன் வெஸ்ட் நோயில் விழுந்து ஏறத்தாழ பதின்மூன்று வருடத்தில் அவளுடைய கதையை முடித்து வைத்தார்கள். கூட இருக்கிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தாங்களும் ஆள் மாற்றி ஆள் ஓய்வெடுக்க வேண்டும். இது நீண்ட வேலை.

8

நம் விமர்சனத்துக்கு இதிலிருந்து என்ன? உடலை வாசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது, யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யாருடைய பருமன் கேலிக்குரியது என்பதெல்லாம் அரசியல்தான், எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரு ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சாவுக்கு அர்த்தம் கற்பிக்கிற வாசிப்பு, அது எவ்வளவு புரட்சிகரமான சொல்லாடலில் இருந்தாலும், அவளை வீட்டுக்கு அனுப்பி வைத்த கையெழுத்தின் தொடர்ச்சிதான்.

சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எலும்பையும் வெறுமையையும் பசியின் பரிசுத்தத்தையும் கொண்டாடுகிற கவிதைகள் நம் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன, சில நன்றாகவும் இருக்கின்றன. எழுதியவர் அப்படி வாழ்கிறவரா, கற்பனை செய்கிறவரா என்று கவிதையை வைத்து நம்மால் சொல்ல முடியாது. அதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். கவிதையைப் பற்றிப் பேசுங்கள், அப்படியே சாப்பிட்டீர்களா என்றும் கேளுங்கள். தமிழில் இது எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் வரத் தாமதமானால் கவிதை அடுத்த இதழுக்குப் போகட்டும். நீங்கள் பஸ் ஏறிப் போய் ஆளைப் பாருங்கள்.